ஃபீஸ் வேண்டாம் டாக்டர், நம்பரைச் சொல்லுங்க!

மாத்தூரில் ஒரு குடியிருப்போர் சங்கம் இலவச மருத்துவ முகாம் நடத்தப் போகிறதாம். செயலாளர் ஒரே ஒரு கேள்விதான் அனுப்பினார். அது வாட்ஸ்அப்பில் மணலி, எண்ணூர், காசிமேடு என்று சுற்றிவிட்டு ஒரு மூட்டைக் கேள்வியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஆகவே இந்த வாரம் முழுக்க டாக்டர், ஊசி, சட்டம். அரசியல் கேள்விகள் அடுத்த வாரம். அவை எப்படியும் ஊசிப்போகாது.

எங்கள் எம்.எம்.டி.ஏ. மாத்தூர் சங்கத்தின் சார்பில் ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாம். இதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டுமா? யாரிடம் வாங்குவது?
*— சங்கச் செயலாளர், மாத்தூர்*

சங்கத்துக்கு லைசென்ஸ் வேண்டாம். முகாமில் வைத்தியம் பார்க்கிற, ஊசி போடுகிற, மருந்து கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் வேண்டும். டாக்டர் பெயர் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் இருக்க வேண்டும், நர்சம்மா பெயர் நர்சுகள் கவுன்சில் பதிவேட்டில் இருக்க வேண்டும், மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பவர் பெயர் பார்மசி கவுன்சில் பதிவேட்டில் இருக்க வேண்டும். ‘சேவைக்கு மட்டும் வருகிறேன்’ என்பவர்களுக்கென்று தனிப் பதிவேடு நம் ஊரில் கிடையாது. காசு வாங்குகிறவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே பதிவேடு.

இடத்துக்கு வேறு சட்டம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ல் வந்தது. அதற்கான விதிகள் 2018-ல்தான் வந்தன. இருபத்தோரு வருஷம் யோசித்திருக்கிறார்கள். ஒரு நாள் ஷாமியானாவை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அல்ல அது. ஆனால் சங்கக் கட்டடத்தில் வாராவாரம் அதே மேஜை, அதே டாக்டர் என்று உட்கார வைத்தீர்களானால் அதற்குப் பெயர் முகாம் இல்லை, கிளினிக். அப்போது பதிவுக்கு மனுப் போட வேண்டும்.

எதற்கும் மாநகராட்சியின் மண்டல சுகாதார அலுவலருக்கும் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஷாமியானாவைத் தெருவில் போடுகிறீர்கள் என்றால் போலீசுக்கும் ஒன்று. பந்தக்காலுக்கு இத்தனை பேர் கேள்வி கேட்பார்கள். பந்தலுக்குள் ஊசி போடுகிறவரை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சும்மாதான பாக்குறாரு? ஒரு பைசா வாங்கல. அவருக்கு எதுக்கு சார் பதிவு, கிதிவுன்னு தொல்லை?
*— ஆட்டோ ஓட்டுநர், மூலக்கடை*

நீங்கள் மீட்டர் போடாமல் ஓட்டினாலும் உங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் அல்லவா? (மீட்டர் போட்டுத்தான் ஓட்டுகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; இது குடும்பப் பத்திரிகை, பொய் அச்சிடுவதில்லை.)

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34. பதிவேட்டில் பெயர் இல்லாமல் வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை ஜெயில், ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவில் எங்கே தேடினாலும் ‘ஃபீஸ் வாங்கினால்’ என்ற நிபந்தனை இல்லை. காசு வாங்காதது டாக்டரின் தாராளம். அவர் யார், என்ன படித்தார் என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. தாராளத்தைக் காட்டி உரிமையைப் பிடுங்கிக்கொள்ள முடியாது.

‘மெர்சல்’ படத்தில் விஜய் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்ப்பார். நிஜத்தில் அப்படி யாராவது உண்டா? அவர்களை எந்தச் சட்டமும் தொந்தரவு செய்யவில்லையா?
*— கல்லூரி மாணவி, கொருக்குப்பேட்டை*

கொருக்குப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கலாமா? உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டிருந்தால் தபால் செலவு மிச்சம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1971-ல் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, பல வருஷம் கழித்து ஐந்து ரூபாய்க்கு ‘உயர்த்தியவர்’. 2018 டிசம்பரில் காலமானார். வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம். ஸ்டான்லியில் படித்தவர், 1973-ல் இருந்து அதே இரண்டு ரூபாய், பிறகு அதே ஐந்து ரூபாய். 2020 ஆகஸ்டில் காலமானார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வடசென்னையின் மூன்று தலைமுறைக் காய்ச்சல் அடங்கியிருக்கிறது.

இருவரும் முறையாகப் படித்து, பட்டம் வாங்கி, பதிவு செய்துகொண்ட எம்.பி.பி.எஸ். டாக்டர்கள். அவர்கள் விதிவிலக்காக இருந்தது கட்டணத்தில் மட்டும்தான். எழுபது, எண்பதுகளில் நினைத்திருந்தால் அண்ணா நகரில் போர்டு மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. சட்டம் எதற்காக அவர்களைத் தொந்தரவு செய்யப்போகிறது? தொந்தரவு செய்திருந்தால் மற்ற டாக்டர்கள்தான் செய்திருக்க வேண்டும், ‘இவர் மார்க்கெட்டைக் கெடுக்கிறார்’ என்று!

என் அண்ணன் மகன் அமெரிக்காவில் டாக்டர், அந்த நாட்டுக் குடிமகன். பொங்கலுக்கு வருகிறான். முகாமில் இரண்டு நாள் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கிறேன் என்கிறான். பார்க்கலாமா?
*— ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், திருவொற்றியூர்*

தம்பி எங்கே படித்தார் என்று நீங்கள் எழுதவில்லையே! இங்கே எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டுப் போனவர், பதிவைக் கைவிடவில்லை என்றால் பாதி கவலை தீர்ந்தது. அரும்பாக்கத்தில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கேட்டு, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படித்ததும் அங்கே, குடியுரிமையும் அங்கே என்றால் தற்காலிகப் பதிவு வாங்க வேண்டும். வெளிநாட்டு டாக்டருக்குத் தற்காலிகப் பதிவு தரலாம் என்று 2019 சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு முந்தைய 1956 சட்டம் இன்னும் விளக்கமாகவே சொன்னது: பாடம் நடத்த, ஆராய்ச்சி செய்ய, அறப்பணி செய்ய வரலாம், ஆனால் எந்த நிறுவனத்தோடு இணைந்து வருகிறாரோ அதற்குள் மட்டும், அனுமதித்த காலத்துக்கு மட்டும். டிக்கெட் போட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் ஞாபகம் வருகிற காரியம் இல்லை இது. அனுமதி வரும்வரை தம்பி பொங்கல் சாப்பிடலாம், வரிசையை ஒழுங்குபண்ணலாம், நாற்காலி மடக்கலாம். ஸ்டெதஸ்கோப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

‘அமெரிக்காவில் இப்படியெல்லாம் இல்லை’ என்று தம்பி சொல்வார். அங்கே இதைவிட மோசம். நமக்காவது தேசியப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ். டென்னசி மாநிலத்தில் ஸ்டான் பிராக் என்றொரு மனிதர். 1985-ல் ‘ரிமோட் ஏரியா மெடிக்கல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கயானா போன்ற நாடுகளின் காட்டுப் பகுதிக்கு டாக்டர் அனுப்பத்தான் ஆரம்பித்தார். கடைசியில் அமெரிக்காவிலேயே பல் பிடுங்க, கண்ணாடி மாட்டக் காசில்லாதவர்கள் ராத்திரியே வந்து வரிசையில் படுக்கிறார்கள் என்று கண்டுகொண்டார். டாக்டர்கள் வரத் தயார். ஆனால் பக்கத்து மாநிலத்து டாக்டர் எல்லை தாண்டி வந்து இலவசமாகக்கூடப் பார்க்க முடியாது. அவர் விடாமல் முட்டி மோதியதில், வெளிமாநில லைசென்ஸ் உள்ள தன்னார்வ டாக்டர்கள் வந்து பார்க்கலாம் என்று டென்னசி 1995-ல் சட்டமே போட்டது. அந்தச் சட்டமும் லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கேயோ ஓரிடத்தில் ஒழுங்காக வாங்கிய லைசென்சை இங்கேயும் மதிக்கிறோம் என்றது, அவ்வளவுதான்.

நம் சட்டமன்றம் காப்பியடிப்பதற்குத் தகுதியான சட்டம். எத்தனையோ காப்பியடிக்கிறோம்.

வயது 72. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர். முகாமுக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா, வயதாகிவிட்டதா?
*— பெயர் வேண்டாம், ராயபுரம்*

டாக்டர், நீங்கள் ஓய்வுபெற்றது வேலையில் இருந்து. பதிவேட்டில் ஓய்வு வயது என்று ஒன்று இல்லை. ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி என்பது மட்டும் உங்கள் வயதையும் பார்க்காமல் துரத்தும். பதிவைப் புதுப்பித்துக்கொண்டு கிளம்புங்கள்.

அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஓய்வுபெற்ற டாக்டர்களுக்கென்று ‘சேவை லைசென்ஸ்’ தருகின்றன. கட்டணம் இல்லை, அல்லது குறைவு. பதிலுக்கு ஒரு பைசா ஃபீஸ் வாங்கக் கூடாது. இங்கே சாயங்காலம் நாலு மணிக்குப் பேப்பரை இரண்டாம் முறை படிக்கிற மூத்த டாக்டர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வாரத்தில் ஒரு நாள் எண்ணூருக்கு வர இப்படி ஒரு ஏற்பாடு செய்தால் என்ன குறைந்துவிடும்?

எங்க தெருவுல ஒரு பெரியவர். முன்னாடி கம்பவுண்டரா இருந்தவர். இருபது, முப்பது ரூபாய்க்கு ஊசி போடுவார். நல்ல கைராசி. போன மாசம் ‘போலி டாக்டர்’னு பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்கு ஜுரம்னா வேற யாரு இருக்கா எங்களுக்கு?
*— இல்லத்தரசி, சத்தியமூர்த்தி நகர்*

அம்மா, கைராசியில் பிழைத்தவர்கள்தான் வந்து கைராசி என்று சொல்கிறார்கள். பிழைக்காதவர்கள் வந்து சொல்வதில்லை. அந்த ஊசியில் என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, சில சமயம் அவருக்கும் தெரியாது. ஜுரம் என்று வந்த குழந்தைக்கு ஸ்டீராய்டு போட்டால் ராத்திரியே ஜுரம் இறங்கும். நோய் இறங்காது.

ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அதற்கு அவரைப் பிடித்துப் போனவர்களிடம் பதில் இல்லை.

ஒரு பழைய கதை சொல்கிறேன், உங்கள் பக்கத்துக் கதைதான். நீங்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்கிற ஸ்டான்லி, 1938-ல் கல்லூரி ஆவதற்கு முன் ராயபுரத்தில் ஒரு மருத்துவப் பள்ளி. அங்கிருந்து வெளியே வந்தவர்கள் எல்.எம்.பி. டாக்டர்கள். முழுப் பட்டம் இல்லை, குறைந்த காலப் படிப்பு, ஆனால் சட்டப்படி லைசென்ஸ் உண்டு. அந்தக் காலத்தில் தாலுகா ஊர்களில் வைத்தியம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். 1946-ல், நாட்டின் மருத்துவ வசதிகளை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டியின் அறிக்கை வந்தது: இனி நாட்டில் ஒரே தரம், ஒரே மாதிரி டாக்டர் போதும் என்று பெரும்பான்மையோர் பரிந்துரைத்தார்கள். எல்.எம்.பி. மெல்ல மறைந்தது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஏழைக்கு மட்டும் ஏன் அரை டாக்டர்? சரியான கேள்விதான். ஆனால் அந்த ஒரே மாதிரி முழு டாக்டர் சத்தியமூர்த்தி நகருக்குக் குடிவரவில்லை. காலியான இடத்தில் கம்பவுண்டர் வந்து உட்கார்ந்தார்.

இதைச் சரிசெய்ய முயற்சி நடக்காமல் இல்லை. அசாம் 2004-ல் மூன்றாண்டு டிப்ளமோ சட்டம் கொண்டுவந்தது. 2014-ல் கவுகாத்தி ஐகோர்ட் செல்லாது என்றது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. மத்திய அரசின் 2019 சட்டத்தில் 32-ஆவது பிரிவு, ‘சமுதாய சுகாதாரப் பணியாளர்’ என்று ஓர் இடைநிலை லைசென்சைப் பேசுகிறது. முதல்நிலை சிகிச்சையிலும் நோய்த்தடுப்பிலும் குறிப்பிட்ட சில மருந்துகளைத் தானே எழுதலாம். மற்றதற்கெல்லாம் டாக்டர் மேற்பார்வை. எண்ணிக்கை, மொத்த டாக்டர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இதை எதிர்த்து இந்திய மருத்துவ சங்கம் 2019 ஜூலை 31 அன்று நாடு முழுக்க ஒரு நாள் புறநோயாளி சேவையை நிறுத்தியது. அன்றைக்கும் உங்கள் கம்பவுண்டர் கடையைத் திறந்துதான் வைத்திருப்பார்.

மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட ‘டாக்டர்’களுக்கு ஒன்பது மாதம் பாடம் நடத்திப் பார்த்தார்கள். ஆராய்ச்சி முடிவு 2016-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நோயைச் சரியாகக் கையாள்வது மேம்பட்டது. தேவையில்லாத ஆன்டிபயாடிக் கொடுப்பது குறையவில்லை. பாடம் நடத்தினால் மூளை மாறுகிறது, வியாபாரம் மாறுவதில்லை.

என் கட்சி இதுதான்: பெரியவரை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கடைக்கு சீல் வைத்த அதே வாரம், ராத்திரி பத்து மணிக்குத் திறந்திருக்கிற ஓர் அரசு கிளினிக்கை அந்தத் தெருவுக்குக் காட்டியிருக்க வேண்டும். ஒரு கதவை அடைத்தவர்கள் இன்னொன்றைத் திறந்தார்களா என்று உங்கள் கவுன்சிலரைக் கேளுங்கள். இப்போதைக்கு, குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ வலிப்பு வந்தாலோ 108.

சித்த வைத்தியர் முகாமில் பாராசிட்டமால் கொடுக்கலாமா?
*— மருந்துக்கடைக்காரர், மஞ்சம்பாக்கம்*

பூனம் வர்மா வழக்கு, 1996. ஹோமியோபதி படித்தவர் காய்ச்சல் நோயாளிக்கு அலோபதி மருந்து கொடுத்தார், நோயாளி இறந்தார். படிக்காத முறையில் மருந்து கொடுத்தாலே அது அலட்சியம், வேறு நிரூபணம் வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். மாநில அரசுகள் தனி உத்தரவு போட்டு விலக்குத் தருவதும் அதன்மேல் வழக்கு நடப்பதும் வேறு கதை. அதற்குத் தீர்ப்பு எழுதுகிற இடம் உங்கள் ஷாமியானா இல்லை. சித்த வைத்தியரைச் சித்த மருந்தே கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்கும் அதுதான் கௌரவம்.

வீட்டில் மீந்த மாத்திரைகளை எல்லாம் சேகரித்து முகாமில் கொடுக்கலாமா? நல்ல நோக்கம்தானே?
*— மகளிர் சுயஉதவிக் குழு, சின்னசேக்காடு*

நோக்கம் நல்லது. மாத்திரையின் நோக்கம் என்ன என்று யாருக்குத் தெரியும்? பாதி கிழிந்த அட்டையில் தேதி போயிருக்கும், பெயரும் போயிருக்கும். வேண்டாம், தாய்மார்களே. பதிவுபெற்ற டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்க மருந்துச் சட்ட விதிகளில் விலக்கு உண்டு, கடை திறந்து விற்காதவரை. மற்றபடி, பிரித்துக் கொடுப்பது பார்மசிஸ்ட் வேலை. பார்மசி சட்டம் 1948, பிரிவு 42. உங்கள் குழு டோக்கன் கொடுக்கட்டும், மோர் கொடுக்கட்டும்.

முகாமுக்கு வரும் டாக்டர் படத்தைப் பெரிதாகப் போட்டு ஃபிளெக்ஸ் வைக்கப் போகிறோம்!
*— இளைஞர் மன்றம், மாத்தூர்*

டாக்டரிடம் கேட்டீர்களா? 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில் 6.1 என்று ஒன்று இருக்கிறது. டாக்டர் தன்னை விளம்பரப்படுத்தி ஆள் பிடிக்கக் கூடாது. நீங்கள் பாசத்தில் வைத்த ஃபிளெக்சுக்கு அவர் கவுன்சிலில் போய் விளக்கம் சொல்ல வேண்டி வரலாம். முகாம், தேதி, இடம், நேரம் போதும். மிச்ச இடத்தில் வழக்கம்போல உங்கள் மன்றத்தார் நாற்பது பேர் பாஸ்போர்ட் சைஸ் படங்கள். அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை என்பது வருத்தமே.

கையடக்க ஸ்கேன் மெஷின் ஒன்று ஒருவர் இரவல் தருகிறேன் என்கிறார். கர்ப்பிணிகளுக்கு இலவசமாகப் பார்க்கலாமே?
*— சங்கப் பொருளாளர், மாத்தூர்*

கூடவே கூடாது! கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டம். மெஷினுக்குப் பதிவு, இடத்துக்குப் பதிவு, பார்ப்பவருக்குத் தகுதி எல்லாம் வேண்டும். முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை. பொருளாளர் உள்ளே போனால் கணக்கை யார் முடிப்பது?

இலவச முகாமில் ஏதாவது தப்பு நடந்தால் டாக்டர் மேல் கேஸ் போட முடியுமா? ‘சும்மா பார்த்ததுக்குக் கேஸா’ என்று ஜட்ஜ் விரட்டிவிடுவாரா?
*— வக்கீல் குமாஸ்தா, ஜார்ஜ் டவுன்*

உங்கள் சீனியரிடம் கேட்காமல் என்னிடம் கேட்கிறீர்கள். அவர் ஃபீஸ் கேட்பார் என்ற பயமா?

நுகர்வோர் கோர்ட் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். 1995 நவம்பரில் இந்திய மருத்துவ சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. எல்லாருக்கும் இலவசம் என்றால் அது நுகர்வோர் சட்டத்தில் ‘சேவை’ ஆகாது. டோக்கனுக்கு ஒரு சின்னத் தொகை வாங்கினாலும் அந்த நிலை மாறாது. ஆனால் சிலரிடம் காசு, சிலருக்கு இலவசம் என்று நடக்கிற ஆஸ்பத்திரியில் இலவச நோயாளியும் நுகர்வோர்தான். ஆகவே முகாமில் பார்த்துவிட்டு ‘எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க, உங்களுக்கு ஃப்ரீ’ என்று வேன் வைத்து அழைத்துப் போனால், அந்த வேனில் ஏறும்போதே நோயாளிக்கு உரிமை ஏறிவிடுகிறது.

சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்பதை யாரும் தடுக்கவில்லை. கிரிமினல் சட்டமோ, காசு வாங்கினாயா என்று கேட்பதே இல்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 106-ஆவது பிரிவு: அலட்சியத்தால் மரணம் என்றால் ஐந்து ஆண்டு வரை, அதுவே பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்தது என்றால் இரண்டு ஆண்டு வரை. இந்தச் சலுகை பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும். மூன்று வருஷ வித்தியாசம்! பதிவு என்பது தொல்லை என்று கேட்ட மூலக்கடை அன்பர் இதைப் படிக்கட்டும்.

முகாமிலேயே கண் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பெரிது.
*— முன்னாள் ஊராட்சி உறுப்பினர்*

பள்ளிக்கூடம் பெரிதாக இருந்தால் பிள்ளைகள் ஓடி விளையாடட்டும்.

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில் 83 பெண்களுக்கு ஒரே டாக்டர் ஒரே நாளில் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்தார். அவர்களில் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த டாக்டருக்குப் பட்டமும் இருந்தது, பதிவும் இருந்தது, அரசாங்கமே நடத்திய முகாம். எல்லாரும் ஏழைகள். 2016-ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், இந்த முகாம் முறையையே மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதிவு எண் இருந்தால் போதும் என்று நான் சொல்வதாக இதுவரை படித்தவர்கள் நினைத்திருந்தால், அப்படி இல்லை. பதிவு எண் டாக்டர் யார் என்று சொல்லும். இடம், கருவி, கைகழுவத் தண்ணீர் எல்லாம் தனி.

கண்ணுக்கு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை காட்டிய வழி: ஊரில் பரிசோதனை மட்டும், ஆபரேஷன் தேவைப்பட்டால் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு. போக வர, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாத்தூரில் டார்ச் அடித்துப் பாருங்கள், கத்தி ஆஸ்பத்திரியில் இருக்கட்டும்.

நான் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு. ஊசி போடலாமா?
*— மாணவர், மாதவரம்*

பிரஷர் பாருங்கள், பேர் எழுதுங்கள், டாக்டர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். ஹவுஸ் சர்ஜனுக்கே தற்காலிகப் பதிவுதான், அதுவும் மேற்பார்வையில்தான்.

கோயம்புத்தூரில் இருக்கும் டாக்டர் வீடியோவில் எங்கள் முகாம் நோயாளிகளைப் பார்க்கலாமா?
*— கணினிப் பொறியாளர், மணலி புதுநகர்*

தாராளமாக. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில் தொலைமருத்துவ வழிகாட்டுதல் வந்தது. பதிவுபெற்ற டாக்டர் இந்தியாவில் எங்கிருந்தும் எங்குள்ள நோயாளியையும் பார்க்கலாம். போதை வகை மருந்துகள் போன்ற சிலவற்றை எழுத மட்டும் கூடாது. சிக்னல் கிடைப்பது உங்கள் பாடு.

புயல், வெள்ளத்தோட எண்ணெய் வந்தப்ப எங்க குப்பத்துல டெய்லி ஒரு கேம்ப். அப்புறம் அமோனியா வந்துச்சு, இன்னும் நாலு கேம்ப். எல்லாரும் வந்து ஒரே கேள்வி கேட்டாங்க, ஒரே களிம்பு குடுத்தாங்க. இப்ப கை அரிப்பு போகல. யார் பாத்தாங்க, என்ன மருந்து குடுத்தாங்கன்னு ஸ்டான்லியில கேக்கறாங்க. எங்க போய்ச் சொல்ல?
*— மீன் விற்கும் பெண், எண்ணூர்*

இந்த வாரக் கேள்விகளில் எனக்குப் பதில் சொல்லச் சிரமமானது உங்களுடையதுதான், அக்கா.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலை எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா. இரண்டுக்கும் நடுவே மூச்சுவிடக்கூட நேரமில்லை. விட்ட மூச்சிலும் அமோனியா. அப்படிப்பட்ட நேரத்தில் ஓடிவரும் தன்னார்வ டாக்டர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. உள்நோயாளியின் குறிப்புகளை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்கின்றன 2002 விதிகள். முகாமில் பார்க்கப்பட்ட நீங்கள் உள்நோயாளி இல்லையே! குறிப்பு எடுத்த நோட்டு டாக்டரோடு ஊருக்குப் போய்விட்டது.

ஆனால் இன்னொரு விதி உங்கள் பக்கம் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஒவ்வொரு சீட்டிலும் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். அதே 2002 விதிகளில் 1.4. காசு வாங்காத சீட்டுக்கும் அது பொருந்தும். இனிமேல் எந்த முகாமிலும் சீட்டு இல்லாமல் களிம்பு வாங்காதீர்கள். சீட்டில் டாக்டர் பேர், நம்பர், மருந்துப் பேர், தேதி. வாங்கியதும் செல்போனில் ஒரு போட்டோ. மாத்தூர்ச் செயலாளருக்கும் இதே வேண்டுகோள்: நகல் ஒன்றைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். சுகர், பிரஷர் என்று கண்டுபிடித்தவர்களை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பட்டியலில் சேர்த்துவிடுங்கள். முகாமில் 200 பேருக்குச் சுகர் இருப்பதாகக் கண்டுபிடித்து, இருநூறு பேரையும் பத்து நாள் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினால், பதினோராவது நாள் என்ன செய்வார்கள்?

வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கிற பெண்மணி டாக்டரா, நர்ஸா?
*— பாட்டி, பெரியசேக்காடு*

இரண்டும் இல்லை, பாட்டி. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர். பிரஷர், சுகர் பார்ப்பார், டாக்டர் ஏற்கெனவே எழுதிய மாத்திரையைக் கொண்டுவந்து தருவார். புதிதாக மருந்து எழுத மாட்டார். தன் எல்லை எது என்று தெரிந்தவர். காபி கொடுங்கள், ‘முழங்கால் வலிக்கு ஒரு ஊசி போடேன்’ என்று கேட்காதீர்கள்.

முகாமில் போட்ட ஊசிகளை எங்கே போடுவது? கார்ப்பரேஷன் வண்டியில் போட்டுவிடலாமா?
*— தூய்மைப் பணியாளர், மணலி*

உங்கள் கையில் குத்துகிற விஷயத்தை நீங்களே கேட்க வேண்டியிருக்கிறது பாருங்கள்! 2016 மருத்துவக் கழிவு விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும். ஊசி, அது துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். டப்பா மருத்துவக் கழிவு எடுக்கும் நிறுவனத்திடம் போக வேண்டும். குப்பை வண்டியில் ஊசி கிடந்தால் சங்கத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கேளுங்கள்.

டாக்டர் நிஜ டாக்டர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நேரில் கேட்டால் கோபித்துக்கொள்வாரே?
*— சங்கச் செயலாளர் (மறுபடியும்), மாத்தூர்*

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பெயரும் பதிவு எண்ணும் தேடலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேடும் உண்டு. ஐந்து நிமிட வேலை. நிஜ டாக்டர் நம்பரைக் கேட்டால் கோபிக்க மாட்டார், மனப்பாடமாகச் சொல்வார். கோபிக்கிறார் என்றால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கடைசியாக ஒன்று சார். டாக்டர்களுக்கு மதியம் பிரியாணி போடலாமா? அதற்கும் ஏதாவது பிரிவு இருக்கிறதா?
*— அதே செயலாளர்*

இருக்கிறது! மருந்துக் கம்பெனி செலவில் விருந்து உபசாரம் என்றால் நெறிமுறை விதி 6.8. உங்கள் சங்கம் வாங்கிப் போட்டால் அது வெறும் சாப்பாடு. தாராளமாகப் போடுங்கள். சுகர் ரிசல்ட் கொடுக்கிற மேஜைக்குப் பக்கத்தில் மட்டும் அண்டாவைத் திறக்காதீர்கள்.